சீ.ஆர். கொப்பியில் ஒரு சின்ன ஊரின் வாக்குக் கணக்கு: முல்லைத்தீவை வைத்து ஒரு செய்முறை

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தேர்தல் காலத்தில் மட்டும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பெரியப்பா, எங்கட ஊர் முந்தி யாருக்குப் போட்டது?" இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லக்கூடாது. சொன்னால் அரைவாசி ஞாபகம், அரைவாசி கட்சி விசுவாசம் என்று முடியும். சீ.ஆர். கொப்பியில், அதாவது தடித்த அட்டைக் கணக்குக் கொப்பியில், எழுதித்தான் பார்க்க வேண்டும். புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். ஊர் முள்ளியவளை, இருப்பு வெள்ளவத்தை. முல்லைத்தீவுக்கும் அதைச் சுமக்கும் வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கும் ஜனாதிபதித் தேர்தல் கணக்கை நான் எழுதி வைத்திருக்கும் முறையை இங்கே சொல்கிறேன். மன்னாருக்கோ மொனராகலைக்கோ எழுத விரும்புகிறவர்களுக்கும் இது உதவும்.

ஆட்கள் குறைந்த இடத்துக்கு ஏன் தனி முறை? 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 92,000 பேர். சதுர கிலோமீற்றருக்கு 38 பேரளவு. அதே கணக்கில் கொழும்பு மாவட்டத்தில் மூவாயிரத்துக்கும் மேல். கொழும்பில் ஐயாயிரம் பேர் வீடு மாறினால் தேர்தல் முடிவில் ஒன்றும் தெரியாது. முல்லைத்தீவில் ஐயாயிரம் பேர் இடம்பெயர்ந்தால் எல்லா வீதமும் தலைகீழாகும். ஆகவே இங்கே வென்றவர் யார் என்பது கடைசிக் கேள்வி. யாரால் வாக்களிக்க முடிந்தது என்பதுதான் முதல் கேள்வி. கொப்பியையும் அந்த வரிசையிலேயே கோடு போட வேண்டும்.

முதலில் எந்த எல்லை என்று முடிவு செய்யுங்கள்

நாட்டில் நிர்வாக மாவட்டங்கள் 25, தேர்தல் மாவட்டங்கள் 22. இதைக் கவனிக்காமல் தொடங்கினால் முதல் பக்கத்திலேயே சிக்கல். முல்லைத்தீவு ஒரு நிர்வாக மாவட்டம், ஆனால் தேர்தல் மாவட்டம் அல்ல. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்ததுதான் வன்னித் தேர்தல் மாவட்டம். அதற்குள் முல்லைத்தீவு ஒரு தேர்தல் தொகுதி. நாடு முழுவதும் இப்படி 160 தொகுதிகள் உண்டு. கிளிநொச்சியை வன்னியில் தேடாதீர்கள். 1984இல் அது தனி நிர்வாக மாவட்டமானாலும் தேர்தல் கணக்கில் யாழ்ப்பாணத்தோடுதான் இருக்கிறது. பேச்சு வழக்கில் கிளிநொச்சியும் வன்னிதான் என்பது சரி, ஆனால் தேர்தல் ஆணைக்குழுவின் தாளில் அப்படி இல்லை.

கொப்பியில் இரண்டு பகுதி வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் வன்னி மாவட்டம், பின்பக்கம் முல்லைத்தீவுத் தொகுதி. மாவட்டக் கணக்குக் கிடைப்பது சுலபம், தொகுதிக் கணக்குப் பழைய ஆண்டுகளுக்குத் தேடித்தான் எடுக்க வேண்டும். தொகுதிக்குக் கீழே போக முயலாதீர்கள். ஜனாதிபதித் தேர்தலில் வாக்கெடுப்பு நிலையம் வாரியாக முடிவு வெளிவருவதில்லை. "தண்ணீரூற்று முழுக்க இன்னாருக்குத்தான் போட்டது" என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அது ஊகம். கேட்டுக்கொள்ளலாம், கொப்பியில் ஏற்றக்கூடாது.

நிரல்கள்

நீளப் பக்கச் சீ.ஆர். கொப்பி நல்லது. இடமிருந்து வலமாக: ஆண்டும் திகதியும், பதிவு செய்யப்பட்ட வாக்காளர், அளிக்கப்பட்ட வாக்கு, நிராகரிக்கப்பட்டது, செல்லுபடியானது, முதல் மூன்று வேட்பாளர்கள், ஏனையோர். அதன் பிறகு இரண்டு வீத நிரல்கள். ஒன்று, முதலாவதாக வந்தவர் செல்லுபடியான வாக்கில் பெற்ற வீதம். இதைத்தான் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். மற்றது, அதே வாக்கு பதிவு செய்யப்பட்ட மொத்தப் பெயர்களில் எத்தனை வீதம் என்பது. இதை யாரும் காட்டுவதில்லை, நீங்களேதான் வகுக்க வேண்டும். கடைசியாக, பக்கத்தில் மிஞ்சும் அகலம் முழுவதையும் "அப்போது ஊரில் என்ன நடந்தது" என்பதற்கு விடுங்கள். எண்ணுக்குப் பேனை, இந்தக் கடைசி நிரலுக்குப் பென்சில்.

இதுவரை ஒன்பது ஜனாதிபதித் தேர்தல்கள்: 1982 ஒக்டோபர் 20, 1988 டிசெம்பர் 19, 1994 நவம்பர் 9, 1999 டிசெம்பர் 21, 2005 நவம்பர் 17, 2010 ஜனவரி 26, 2015 ஜனவரி 8, 2019 நவம்பர் 16, 2024 செப்டெம்பர் 21. திகதியை முழுமையாக எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வன்னியில் ஒரு மாதம் முந்தியதா பிந்தியதா என்பதில் பல தடவை எல்லாமே மாறியிருக்கிறது. 1982 டிசெம்பர் 22இல் நடந்தது சர்வசன வாக்கெடுப்பு. நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டுவதற்கு. பழைய பத்திரிகை புரட்டும்போது அதன் எண்கள் கண்ணில் படும், இந்தக் கொப்பிக்குள் வரவிடாதீர்கள்.

எங்கே எடுப்பது

அண்மைய தேர்தல்களுக்கு எங்கும் அலையத் தேவையில்லை. தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தமிழிலேயே இருக்கிறது. பழையவற்றுக்குக் கொழும்பில் இருப்பவர்களுக்கு வசதி அதிகம், அதைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் கவலை. இராஜகிரியவில் தேர்தல் செயலகம் இருக்கிறது. கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். விகாரமாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்துப் பொது நூலகமும் உண்டு. அடையாள அட்டை, பென்சில், கொப்பி போதும். பத்திரிகையில் எடுப்பதென்றால் வாக்களிப்புக்கு மறுநாள் இதழை நம்ப வேண்டாம். அதில் பாதி முடிவுதான் இருக்கும். அதற்கடுத்த இரண்டு மூன்று இதழ்களைப் பாருங்கள்.

எங்கும் கிடைக்காத தொகுதி எண் இருந்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். தமிழில் எழுதினால் போதும். கோரிக்கைக்கு என்ன முடிவு என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். என்ன வேண்டும் என்பதைச் சுருக்கமாகக் கேளுங்கள்: எந்த ஆண்டு, எந்தத் தொகுதி, எந்த ஐந்து எண்கள். "முல்லைத்தீவின் தேர்தல் வரலாறு வேண்டும்" என்று எழுதினால் அதற்கு யாரும் பதில் தேடித் தர முடியாது.

எழுதியதும் கூட்டிப் பாருங்கள்

வேட்பாளர் எல்லோரின் வாக்கையும் கூட்டினால் செல்லுபடியான வாக்கு வர வேண்டும். அதோடு நிராகரிக்கப்பட்டதைக் கூட்டினால் அளிக்கப்பட்ட வாக்கு வர வேண்டும். வராவிட்டால் அச்சுப் பிழையோ கைப் பிழையோ எங்கேயோ இருக்கிறது. இது கடைக் கணக்கில் எல்லோரும் செய்கிற வேலைதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுமாறுவது இன்னோர் இடத்தில். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்று தொகுதிகளையும் கூட்டினால் வன்னி மொத்தம் வராது. பதறத் தேவையில்லை. தபால் மூல வாக்குகள் தொகுதிக்குள் சேர்வதில்லை, மாவட்ட மட்டத்தில் தனி வரியாக வரும். வன்னிக்குச் சில தேர்தல்களில் இடம்பெயர்ந்தோர் வாக்குகள் என்று இன்னொரு தனி வரியும் வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் கடைசி நிரலில் ஒரு குறிப்புப் போடுங்கள். அந்த வரிக்குள் பெரிய கதை இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் புத்தளத்தில் இருந்துகொண்டே மன்னார் வாக்காளர்களாகப் பதிவில் தொடர்ந்தார்கள். 2019 தேர்தல் நாள் காலையில் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன பஸ்கள் மீது தந்திரிமலைப் பக்கம் சுட்டார்கள், கல்லெறிந்தார்கள். ஒரு வாக்குக்காக இவ்வளவு தூரம் போனவர்களை மன்னார் தொகுதியின் ஒரு எண்ணாக மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கடைசி நிரலில் முழுவதையும் எழுதினேன்.

இரண்டு வீதம் எதற்கு

சரி, இனித்தான் முக்கியமான வேலை. கணனி வேண்டாம், கைத்தொலைபேசியில் இருக்கிற கணிப்பான் போதும்.

வன்னி மாவட்டம், 2005. பதிவு 250,386. அளிக்கப்பட்டது 85,874, அதாவது 34.30 வீதம். ரணில் விக்கிரமசிங்கவுக்கு 65,798, செல்லுபடியான வாக்கில் 77.89 வீதம். மஹிந்த ராஜபக்ஷவுக்கு 17,197.

வன்னி மாவட்டம், 2010. பதிவு 266,975. அளிக்கப்பட்டது 107,680, அதாவது 40.33 வீதம். சரத் பொன்சேகாவுக்கு 70,367, செல்லுபடியான வாக்கில் 66.86 வீதம். மஹிந்தவுக்கு 28,740.

வெறும் வீதத்தை மட்டும் வைத்திருப்பவர் என்ன சொல்வார்? எதிரணிக்கு 11 புள்ளி சரிவு, வன்னி அரசாங்கத்தின் பக்கம் நகர்கிறது என்பார். இப்போது இரண்டாவது வீதத்தைப் போடுங்கள். 65,798ஐ 250,386ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 26.28. 70,367ஐ 266,975ஆல் வகுத்தால் 26.36. பதிவில் இருந்த நூறு பெயரில் 26 பேர் 2005இலும் எதிரணிக்குப் போட்டார்கள், 2010இலும் போட்டார்கள். சரிவு எங்கே? எதிரணியின் வாக்கு நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல் கூடித்தான் இருக்கிறது. மஹிந்தவின் வாக்கு அதைவிட வேகமாக, பதினோராயிரத்துக்கு மேல் கூடியது, அவ்வளவுதான். இரண்டு தேர்தலுக்கும் இடையில் ஒரு போர் முடிந்து, வன்னியின் ஆட்களில் பெரும்பகுதி முகாமுக்குள் போய் வந்திருந்தது. அந்த நிலையில் வீதத்தைப் பார்த்து மனமாற்றம் என்று எழுதுவது எனக்கு அபத்தமாகத் தெரிகிறது.

இன்னொன்றும் பார்க்கலாம். 1982இல் ஜே.ஆர். ஜயவர்தனவுக்கு வன்னியில் 32,834 வாக்கு. 1994இல் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்கவுக்கு 33,585. வித்தியாசம் 751 வாக்கு. ஆனால் வீதம்? ஜே.ஆருக்கு 46.42, சந்திரிகாவுக்கு 85.30. ஏனென்றால் 1982இல் செல்லுபடியான வாக்கு எழுபதாயிரத்துக்கு மேல். பன்னிரண்டு வருடம் கழித்து அது நாற்பதாயிரத்தைக் கூடத் தொடவில்லை. 85 வீதம் என்பதைப் பார்த்து "வன்னி முழுக்கச் சந்திரிகா அலை" என்று சொல்ல ஆசை வரும். வாக்களிக்க முடிந்த வன்னி எவ்வளவு சின்னதாகச் சுருங்கியிருந்தது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. சமாதானம் வரும் என்ற எதிர்பார்ப்பு அந்த வருடம் ஊரில் இருந்தது உண்மைதான், அதைப் பென்சிலால் கடைசி நிரலில் எழுதலாம்.

வாக்காளர் இடாப்பையும் நம்பிவிடாதீர்கள்

இரண்டாவது வீதத்தைக் கண்டதும் அதையே வேதமாக எடுத்துக்கொள்ளும் ஆட்களும் இருக்கிறார்கள். பதிவு செய்யப்பட்ட வாக்காளர் என்பது பெயர். அந்தப் பெயருக்குரியவர் ஊரில் இருக்கிறாரா, கனடாவில் இருக்கிறாரா, உயிரோடு இருக்கிறாரா என்பது வேறு கணக்கு. ஒவ்வொரு ஆண்டுக்கும் எந்த ஆண்டின் வாக்காளர் இடாப்பு, அதாவது பெயர்ப் பட்டியல், பயன்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். 2010 ஜனவரித் தேர்தலுக்குப் பயன்பட்டது 2008 இடாப்பு. 2008இல் வன்னிக்குள் போர். வீடு வீடாகப் படிவம் கொடுத்து, நிரப்பி, திருப்பி வாங்குகிற காலமா அது?

யாழ்ப்பாணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2010 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் பதிவு 721,359. 2015இல் 529,239. இடையில் இடாப்பைத் திருத்தினார்கள், கிட்டத்தட்ட இரண்டு இலட்சம் பெயர் குறைந்தது. ஆகவே 2010இன் 25.66 வீத வாக்களிப்பையும் 2015இன் 66.28 வீதத்தையும் நேரடியாக ஒப்பிட்டு "மக்கள் விழித்துக்கொண்டார்கள்" என்று சொன்னால் அது பாதி உண்மைதான். வகுக்கும் எண்ணே மாறிவிட்டதே. வன்னியிலும் 266,975 என்பது 253,058 ஆனது. ஆனால் அங்கே குறைவு சிறியது, வாக்கின் ஏற்றம் பெரியது. 2015இல் மைத்திரிபால சிறிசேனவுக்கு 141,417, முந்திய தேர்தலில் பொன்சேகாவுக்குக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்கு. பதிவில் 55.88 வீதம். மீள்குடியேற்றத்தின் அளவு எனக்கு இந்த எண்ணில்தான் முதலில் தெரிந்தது.

2005ஐத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்

கொழும்பில் எந்தத் தேநீர்க் கடையிலும், எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இந்த வாதம் ஓயாது: "அண்டைக்கு வடக்குப் போட்டிருந்தால்..." வாதிடுவதற்கு முன் எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்.

மஹிந்தவுக்கு 4,887,152, ரணிலுக்கு 4,706,366. வித்தியாசம் 180,786. யாழ்ப்பாணத்தில் பதிவு 701,938, அளிக்கப்பட்டது 8,524, அதாவது 1.21 வீதம். போடாத பெயர் யாழ்ப்பாணத்தில் 693,414, வன்னியில் 164,512. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குள் வாக்கெடுப்பு நிலையமே இல்லை. அங்கே இருந்தவர்கள் எல்லை கடந்து அரசாங்கப் பக்கத்தில் ஒன்றாகச் சேர்த்து வைத்த கொத்தணி நிலையங்களுக்கு வர வேண்டியிருந்தது. அதற்கு மேல் புலிகளின் தேர்தல் பகிஷ்கரிப்பு.

பலர் கவனிக்காத ஒரு கணக்கு இதில் ஒளிந்திருக்கிறது. எங்கள் முறையில் முதல் எண்ணிக்கையில் வெல்ல, செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் வேண்டும். அன்று நாடு முழுவதும் செல்லுபடியான வாக்கு 9,717,039. மஹிந்தவிடம் பாதிக்கு மேல் இருந்தது 28,632 வாக்குத்தான். வேறு வேட்பாளர்களுக்கு இன்னும் 57,300 வாக்கு விழுந்திருந்தால் அவர் பாதிக்குக் கீழே வந்து, வாக்காளர் இரண்டாவதாக, மூன்றாவதாகக் குறித்த விருப்பு வாக்குகளை எண்ண வேண்டி வந்திருக்கும். வன்னியில் மட்டும் போடாத பெயர் அதைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சரி, அதற்காக "எட்டரை இலட்சம் வாக்கு ரணிலுக்கு விழுந்திருக்கும்" என்று பாய்ந்துவிடக்கூடாது. மேலே சொன்ன இடாப்புக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களில் எத்தனை பேர் அன்று அந்த மண்ணில் இருந்தார்கள்? எண் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம்தான் நாமும் போகலாம்.

கடைசி நிரலுக்கு ஆட்களைக் கேட்பது

கொழும்பில் முல்லைத்தீவு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். கோயிலில், சலூனில், மருந்துக்கடை வரிசையில். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்காதீர்கள். அது மரியாதையும் இல்லை, பதிலும் நேர்மையாக வராது. அப்போது எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். எங்கள் சின்னம்மாவிடம் நான் கேட்டது அப்படித்தான்.

"சின்னம்மா, 2010 தை மாசம் எங்க இருந்தனீங்கள்?"

"செட்டிகுளத்தில, முகாமால விட்டும் விடாமலும் இருந்த நேரம். ஏன் தம்பி?"

"எலெக்சன் நடந்ததெல்லோ."

"நடந்தது, நடந்தது. அடையாள அட்டை முள்ளிவாய்க்காலோட போட்டுது. அது இல்லாமல் எப்பிடிப் போடுறது? இவர் மட்டும் போனவர்."

ஒரு வீட்டில் இரண்டு பெயர், ஒரு வாக்கு. வன்னியின் 40.33 வீதத்துக்கு நான் எழுதி வைத்திருக்கும் விளக்கங்களில் இதைவிடச் சுருக்கமானது வேறில்லை. அவர்கள் யாருக்குப் போட்டார்கள் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

மற்ற ஆண்டுகளுக்குச் சின்னச் சின்னக் குறிப்பு போதும். 1988இல் தெற்கில் ஜே.வி.பியின் மிரட்டல், வடக்குக் கிழக்கில் இந்திய இராணுவம். நாடு முழுவதுமே 55.32 வீதம்தான் வாக்களித்தது. ஆகவே அந்த வருடத்துக் குறைந்த வாக்கை வன்னிக்கு மட்டுமான விசேடம் என்று எழுதக்கூடாது. 1994இல் காமினி திசாநாயக்க தேர்தலுக்கு முன்னமே குண்டுவெடிப்பில் கொல்லப்பட, மனைவி ஸ்ரீமா வேட்பாளரானார். 1999இல் தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, நவம்பரில், வன்னியில் இராணுவம் பிடித்து வைத்திருந்த பெரும் பகுதி புலிகளிடம் கைமாறியது. வாக்களிக்கக்கூடிய வன்னியின் வரைபடமே ஒரு மாதத்துக்குள் மாறிவிட்டது.

தமிழ் வேட்பாளர் வரி

ஏனையோர் என்ற நிரலுக்குள் தமிழ் வேட்பாளரைப் புதைத்துவிடாதீர்கள், அவர்களுக்குத் தனி வரி வேண்டும். 1982இல் தமிழர் விடுதலைக் கூட்டணி யாரையும் நிறுத்தவில்லை. தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம் நின்றார். யாழ்ப்பாணத்தில் அவர்தான் முதலிடம். வன்னியில் ஜே.ஆருக்கும் ஹெக்டர் கொப்பேகடுவவுக்கும் பின்னால் மூன்றாவது, 11,521 வாக்கு, 16.29 வீதம். 2010இலும் 2019இலும் எம்.கே. சிவாஜிலிங்கம் நின்றபோது நாடு முழுவதும் கிடைத்தது முறையே 9,662, 12,256. இந்த இரண்டு முறையும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வேறு பக்கம் கைகாட்டியிருந்தது. பொன்சேகாவுக்கு ஒருமுறை, சஜித் பிரேமதாசவுக்கு மறுமுறை. 2024இல் பொது வேட்பாளராகப் பா. அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் வந்தார். வன்னியில் 36,377, அதாவது 16.74 வீதம்.

1982இல் 16.29, 2024இல் 16.74. இதைப் பார்த்ததும் எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் கணக்கு எழுதுகிறவன் இதில் மயங்கக்கூடாது. 1982இல் வாக்களித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் 2024இன் வாக்காளர்கள். இடையில் ஊரே கலைந்து மீண்டும் சேர்ந்திருக்கிறது. இரண்டு எண்ணும் கிட்ட வந்ததற்கு ஒரு காரணம் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். பக்கத்தில் கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன், விளக்கம் எழுதவில்லை.

முல்லைத்தீவுத் தொகுதி தனியாக

பின்பக்கத்துக்கு வருவோம். 2015: மைத்திரிபால 35,441 (78.81 வீதம்), மஹிந்த 7,935 (17.64 வீதம்). 2019: சஜித் 47,594 (86.19 வீதம்), கோட்டாபய ராஜபக்ஷ 4,252 (7.70 வீதம்). கிட்டத்தட்ட ஐந்து வருடத்தில் செல்லுபடியான வாக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கூடியிருக்கிறது. ராஜபக்ஷக்களின் வாக்கு வீதத்தில் மட்டுமல்ல, எண்ணிக்கையிலும் கிட்டத்தட்டப் பாதியானது. இங்கே இரண்டு வழியில் பார்த்தாலும் ஒரே திசைதான். இப்படி எண்ணும் வீதமும் சேர்ந்து ஒரே பக்கம் போகும்போதுதான் "மனம் மாறியது" என்று எழுத எனக்குத் துணிவு வரும்.

2024க்கு மாவட்டக் கணக்கு: சஜித் 95,422 (43.92 வீதம்), ரணில் 52,573, அரியநேத்திரன் 36,377, அநுர குமார திசாநாயக்க 21,412. 2019இல் சஜித்துக்கு வன்னியில் கிடைத்தது 174,739. ஐந்து வருடத்தில் எண்பதாயிரம் வாக்குக் கரைந்திருக்கிறது, பதிவோ 306,081 வரை ஏறியிருக்கிறது. ஆள் குறைந்ததால் வந்த சரிவு அல்ல இது. முதல் தடவையாக வன்னி நாலு பக்கம் பிரிந்து போட்டிருக்கிறது. எனக்குக் கேட்டால், கொப்பியில் இருக்கும் ஒன்பது வரிகளில் சாதாரணமான ஒரு தேர்தலைப் போல இருப்பது இதுதான்.

2024ஐ எழுதும்போது ஒரு கவனம். அந்த வருடம்தான் முதல்முறையாக விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். அநுர 5,634,915இலிருந்து 5,740,179 ஆனார், சஜித் 4,363,035இலிருந்து 4,530,902 ஆனார். பழைய தேர்தல்களோடு ஒப்பிட முதல் எண்ணிக்கையை மட்டும் எடுங்கள். இரண்டாவதை எழுத விரும்பினால் கீழே தனி வரியில்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு, "வன்னி எப்போதும் தோற்பவருக்கே போடும்" என்று யாராவது சொன்னால் கொப்பியைத் திறந்து காட்டுங்கள். 1982இல் வன்னியில் முந்தியவர் ஜே.ஆர்., 1994இல் சந்திரிகா, 2015இல் மைத்திரிபால. மூவரும் நாட்டையும் வென்றவர்கள். 1999, 2005, 2010, 2019, 2024இல் வன்னி முந்த வைத்தவர்கள் நாட்டில் தோற்றார்கள். எப்போதும் என்பது பொய், ஒன்பதில் பாதிக்கு மேல் என்பதுதான் சரி.

2024இன் கீழே இரண்டு வரி வெறுமையாக விட்டு வையுங்கள். பதவிக்காலம் ஐந்து வருடம், ஆகவே அடுத்தது 2029இல் வர வேண்டும். முடிவு வந்த கிழமையே தபால் மூல வாக்கு வரியோடு அச்செடுத்து, பசை போட்டு ஒட்டிவிடுங்கள். எந்த ஆண்டு இடாப்பு என்பதையும் அன்றைக்கே எழுதுங்கள், பிறகு அதைத் தேடுவதுதான் மிகப் பெரிய கஷ்டம். கொப்பியைப் போட்டோக் கொப்பி எடுத்து ஒன்றை ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து வைப்பதும் நல்லது. எங்கள் பக்கத்துக் காகிதங்கள் ஒரே வீட்டில் இருந்து பட்டது போதும்.